இரண்டு முழ உயரமும் கங்காவின் வண்டியும்

கங்காவுக்கு வேலை உத்தரவு வந்த செய்தி, அது அவள் கைக்குப் போய்ச் சேரும் முன்பே பென்னலூர் முழுக்கப் பரவிவிட்டது. தபால்காரர் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, "கங்காவுக்கு கவர்மெண்டு கவர் வந்துகீது!" என்று கத்தினார். ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒடித்த தழையோடு ஓடி வந்தார்கள். கங்கா உறையைப் பிரித்து ஒரு முறை வாய்க்குள் படித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். தபால் பிரிவில் எழுத்தர் வேலை. ஜூன் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ரத்தாகும்.

அது 1982. கங்காவுக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் தெருவிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போகப்போகிற முதல் பெண் அவள். அடுத்த பதினான்கு நாள் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், செங்கல்லும் சுமந்தேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

கங்காவுக்கு இரண்டு கால்களும் நடக்காது. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது, கால்களின் பலமும் போய்விட்டது. அடுத்த வீட்டு முனியம்மாளுக்கும் அவளுக்கும் ஒரே வயது. முனியம்மாள்தான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஆறாம் வகுப்போடு முனியம்மாளை நிறுத்திச் சித்தாள் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கங்கா இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தரையில் ஊன்றி ஊன்றித் தானே நகர்ந்து போனாள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். டைப்ரைட்டிங் வகுப்பு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. அதிலும் கையால் ஏறிப்போய் லோயர், ஹயர் இரண்டையும் முடித்தாள்.

1981-ஆம் ஆண்டை உலகமெங்கும் ஊனமுற்றோர் ஆண்டு என்று கொண்டாடினார்கள். அந்த வருடம்தான் அவளுக்கு மூன்று சக்கர வண்டி கிடைத்தது. ஒரு கையால் பெடலைச் சுற்ற வேண்டும், மறு கையால் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். வண்டி வந்த மறுநாளே யாரிடமும் சொல்லாமல் பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு ஓரமாகவே ஓட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் வரை போய், பஸ் ஸ்டாப் பக்கத்தில் டீ குடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். அவள் அம்மா செல்லம்மாள் வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"இன்னாத்துக்கும்மா அழுவுற? இருவத்திமூணு வருசமா எங்க போனாலும் உன்னைக் கேட்டுகினுதான் போனேன். இன்னிக்கு ஒரு நாள் கேக்காம போனேன், அவ்ளோதான்" என்றாள் கங்கா.

அப்படிப்பட்டவள் வேலை உத்தரவு வந்த மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய் நின்றதில் வியப்பு இல்லை. அது எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. அதன் வாசலில் இருந்த ஐந்து படிகள்தான் முக்கியம். கங்கா கீழே வண்டியை நிறுத்தி மணி அடித்தாள். மேலாளர் ரகுபதி தாழ்வாரத்துக்கு வந்து, மேல்படியில் நின்று குனிந்து பார்த்தார்.

"நேர்முகத்துக்குக் கையை ஊன்றி ஏறி வந்தது நீங்கதானேம்மா?"

"ஆமா சார்."

"அன்னைக்குக் கையில ஒண்ணும் இல்ல. தபால் பிரிவுன்னா தினம் ரெண்டு வேளை பையை எடுத்துக்கிட்டு போஸ்ட் ஆபீஸ் போய் வரணும். ரெண்டு கையும் தரையில இருந்தா பையை எங்கம்மா வைப்பீங்க?"

கேள்வி நியாயமானதுதான் என்று பிற்பாடு கங்காவே எங்களிடம் சொன்னாள்.

"வேற பிரிவு குடுங்க சார். நல்லா டைப் அடிப்பேன்."

"உத்தரவு தபால் பிரிவுக்கு. மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. பதினஞ்சாம் தேதி வாங்க. பத்து மணிக்குத் தபாலைக் கொடுப்பேன். யாரும் தூக்காம, யாரும் தள்ளாம, பதினோரு மணிக்குள்ள ரசீதோட திரும்பினா வேலை உங்களுது. இல்லைன்னா இந்த வேலைக்குத் தகுதி இல்லைன்னு எழுதி மேலே அனுப்பணும். எனக்கும் வேற வழி இல்லம்மா."

கங்கா ஐந்து படிகளையும் பார்த்தாள். பிறகு படிகளுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"சார், படி பக்கத்துல ஒரு சரிவு கட்டிக்கட்டா? வண்டியோடவே உள்ள வந்துடுவேன்."

ரகுபதி இரண்டு படி இறங்கி வந்து அந்த இடத்தைப் பார்த்தார். "படியை இடிக்கக் கூடாது. சிமெண்டு வேணும்னு அலுவலகத்துல வாயைத் திறக்கக் கூடாது. பின்னால மதில் இடிஞ்சு செங்கல் கிடக்கு. வேணும்னா எடுத்துக்குங்க."

"எழுதிக் குடுத்துடுங்க சார்."

அவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு கங்கா வண்டியை ஓட்டி வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கங்காவின் தாய்மாமன் கோதண்டம் கொத்தனார். கிணற்றடியில் கவலைச் சரிவு கட்ட வேண்டுமென்றால் சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைத்தான் தேடுவார்கள். கவலை என்பது மாடு கட்டி நீர் இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, நீர் நிறைந்த சால், அந்தப் பெரிய வாளி, கிணற்றிலிருந்து மேலே வரும். சரிவு செங்குத்தாக இருந்தால் மாட்டின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். குளம்பு வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரி வரியாக மேடு வைப்பார்கள். கோதண்டத்துக்குத் தெரிந்த சரிவு அது ஒன்றுதான். ஆனால் அது எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

"ஒரு சரிவுதானே? ஆறே நாள்ல முடிச்சுடறேன்" என்றார் அவர். முனியம்மாள் தன் சித்தாள் வேலையை விட்டுவிட்டுக் கலவை சுமக்க வந்தாள். தெருக்காரர்கள் நாங்கள் பழைய செங்கல்லில் ஒட்டியிருந்த காரையைத் தட்டித் தட்டி எடுத்தோம். கங்கா அந்தப் பக்கம் வரவே கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். கட்டி முடித்துக் காட்ட வேண்டுமாம்.

ஏழாம் நாள் கங்கா வந்தாள். படிகளுக்குப் பக்கத்தில் ஆறு முழ நீளத்தில் ஒரு சரிவு. குறுக்கே பதினான்கு மேடுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன்.

"எப்பிடி கீது?" என்று கேட்டார் கோதண்டம், மீசையில் சுண்ணாம்போடு.

கங்கா வண்டியை ஏற்றினாள். முதல் மேட்டில் முன்சக்கரம் முட்டி நின்றது. பலமாகச் சுற்றித் தாண்டினாள். இரண்டாவது மேடு. மூன்றாவது மேட்டில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி அப்படியே பின்னால் சாய்ந்தது. முனியம்மாள் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் கங்காவின் மண்டை உடைந்திருக்கும்.

வண்டியைக் கீழே இறக்கியதும் கங்கா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "மாமா, இது யாருக்குக் கட்டின?"

"உனக்குத்தான் புள்ள."

"என் தலைய நல்லாப் பாரு. கொம்பு எதுனா மொளைச்சு கீதா?"

முனியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அய்யய்யோ, இது கவலைடீ! கிணறு மட்டும்தான் தோண்டல!"

கோதண்டத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஜோடி மாடு ஏறி எறங்குது. உன்னால ஏற முடியலயா?"

"மாட்டுக்கு நாலு காலு மாமா. எனக்கு ரெண்டு கை. அதுலயும் ஒண்ணு ஹேண்டிலைப் புடிச்சுக்கணும்."

அவர் எழுந்து போய்ச் சாலையோரம் உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தார். இரண்டாவது பீடியும் பிடித்தார். எட்டே நாள்தான் பாக்கி. அவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் அவர் திரும்பி வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெடலைக் கையால் சுழற்றிப் பார்த்தார். "எறங்கு, நான் ஒருவாட்டி உக்காந்து பாக்கறேன்" என்றார். கங்கா இறங்கிக்கொள்ள, அவர் ஏறி, மூன்றாவது மேடுகூட இல்லை, முதல் மேட்டிலேயே நின்றுவிட்டார்.

"சரி, தப்பு என்னுதுதான்," என்றார். "எவ்வளோ சாய்க்கணும்? நீயே சொல்லு."

அதுதான் விஷயம். யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம், எங்கேயும் அப்படி ஒரு சரிவை நாங்கள் பார்த்ததில்லை. யாரைப் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. படியில் ஏறிப் பழகியவர்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

"ஏரிக்கரைக்குப் போலாம் வா" என்றாள் கங்கா.

பென்னலூர் ஏரிக்கரையில் ஒரு மாட்டுவண்டிப் பாதை ஏறுகிறது. தொடக்கத்தில் மெதுவாக ஏறும், போகப்போகச் செங்குத்தாகும். கங்கா மடியில் ஒரு பை நிறைய மணல் வைத்துக்கொண்டாள். தபாலின் எடைக்கு. கீழிருந்து சுற்ற ஆரம்பித்தாள். முனியம்மாள் பின்னாலேயே, தொடாமல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடந்தாள். வண்டி நின்ற இடத்தில் நான் ஒரு செங்கல்லை வைத்தேன்.

"அவ்ளோதானா? நான் தூக்கினு போனப்பவே இன்னும் கொஞ்சம் மேல போவோமே" என்று சீண்டினாள் முனியம்மாள்.

"வாயை மூடிகினு வாடி!"

மறுபடியும் ஏறினாள். மறுபடியும். பதினோரு முறை ஏறினாள். முழு மூச்சில் ஏறினால் போதாது, நடுவில் பிரேக் போட்டு நின்று, அங்கிருந்து மீண்டும் கிளம்ப முடிய வேண்டும் என்று அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள். "தெனம் ரெண்டு வேளை ஏறணும் மாமா. மழை நாள்லயும் ஏறணும். ஒடம்பு சரியில்லாத நாள்லயும் ஏறணும்." கடைசியில் ஓர் இடத்தைக் காட்டி, "இது. இதுக்கு மேல ஒரு விரக்கடை கூடக் கூடாது" என்றாள்.

கோதண்டம் அந்த இடத்தில் ஆறு முழ மூங்கிலை வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்தார். மூங்கில் மட்டமாக நின்றபோது சரிவின் கீழ்ப்பக்கம் இருந்த அதன் முனைக்கும் தரைக்கும் நடுவே சரியாக அரை முழம் இருந்தது. அப்படியானால் ஒரு முழ உயரத்துக்குப் பன்னிரண்டு முழ நீளம். அலுவலகப் படிகளின் உயரம் இரண்டு முழம்.

"இருவத்திநாலு முழம்!" கோதண்டம் தலையில் கை வைத்தார். "வாசல்லேர்ந்து கேட்டு வரைக்கும் மொத்தமே பதினேழு முழம்தான் கீது. சரிவு ரோட்டுக்குப் போயிடுமே! லாரிக்காரன் நேரா ஆபீஸுக்குள்ள வந்துடுவான்."

முனியம்மாள்தான் முந்தானையை எடுத்துக் காட்டினாள். "நீளமா கீதுன்னா மடிக்கிறதுதானே? பாதி இப்பிடிப் போயி, பாதி அப்பிடித் திரும்பட்டும்."

கோதண்டம் அவளை முறைத்தார். "ஏண்டி, இத்தினி நாளா இந்த மூளைய சட்டியில வெச்சு சொமந்துகினு இருந்தியா?"

நடுவில் வண்டி திரும்புவதற்கான மேடை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் கங்காவே வழி சொன்னாள். அலுவலக முற்றத்தில் வண்டிச் சக்கரங்களை நனைத்துக்கொண்டு, எவ்வளவு ஒடித்துத் திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பி ஒரு சுற்று வந்தாள். தரையில் ஈர வட்டம் விழுந்தது. அது காய்வதற்குள் கோதண்டம் அதன்மேல் சுண்ணாம்பைத் தூவினார். அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளி மேடையின் ஓரம் என்று முடிவானது.

பிறகு பழைய சரிவை உடைத்தோம். தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே உடைத்தார் கோதண்டம். "நல்லாத்தான்டா கட்டிகீறேன், ஒடையவே மாட்டேங்குது!" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார். அடுத்த ஐந்து நாள் பொழுது போனதே தெரியவில்லை. செய்தி பரவி, கல் உடைக்கிறவர்கள் ஒரு வண்டி ஜல்லி கொண்டுவந்து கொட்டினார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மூட்டை சிமெண்டு வந்தது. அந்த நாளில் பர்மிட் இல்லாமல் சிமெண்டு கிடைக்காது. வகுப்பறைத் தரைக்கு வாங்கி மீந்ததைத் தலைமையாசிரியர் கொடுத்தனுப்பியிருந்தார். கங்கா தினமும் வந்து, கட்டக் கட்ட ஏறிப் பார்த்தாள். ஓர் இடத்தில் விரல் அளவு கூடிவிட்டது என்று ஒரு பாகத்தையே மறுபடி போடச் சொன்னாள். மேற்பரப்பில் மேடு வேண்டாம், துடைப்பத்தால் கீறிவிட்டால் போதும், சக்கரம் வழுக்காது என்றாள். வாசல் நிலைப்படிக்கு மாமா ஒரு பலகையைச் சீவிச் சாய்வாகப் பொருத்தினார். பன்னிரண்டாம் தேதி வேலை முடிந்தது. ஈர வைக்கோலைப் போட்டு மூடி, மூன்று நாளும் தண்ணீர் ஊற்றினோம்.

பதினைந்தாம் தேதி, பத்து மணிக்குக் கங்கா சரிவில் ஏறினாள். அலுவலகத்தார் எல்லோரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். கோதண்டம் பார்க்கப் பயந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி மேடை வரை போனது, நின்றது, ஒடித்துத் திரும்பியது, மேலே போய்விட்டது. யாரோ கை தட்டினார்கள். ரகுபதி கை தட்டவில்லை. பதினொரு பதிவுத் தபாலையும் ஒரு பார்சலையும் பையில் போட்டு அவள் மடியில் வைத்தார். "பத்து ஐந்து" என்றார்.

கங்கா இறங்கினாள். ரோட்டில் அரை மைல். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். போஸ்ட் ஆபீஸ் வாசலுக்கு வந்ததும்தான் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

மூன்று படிகள்.

போன மாதம்தான் போஸ்ட் ஆபீஸ் ஒரு புது வாடகை வீட்டுக்கு மாறியிருந்தது. பழைய இடம் ரோட்டு மட்டத்தில் இருந்தது. மாறியது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நானே அங்கே ஸ்டாம்பு வாங்கியிருக்கிறேன். ஆனால் படி இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பதினான்கு நாளாகப் படியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்கள் கண்ணிலும் படவில்லை!

கோதண்டம் குனிந்து முதல் படியைத் தொட்டுப் பார்த்தார். "கங்கா... இந்தப் படி நான் கட்டினது."

"நாந்தான் கலவை சொமந்தேன்" என்றாள் முனியம்மாள், அழுகிற குரலில். பிறகு சட்டென்று கையை நீட்டினாள். "பையைக் குடுடி. நான் உள்ள குடுத்து ரசீது வாங்கியாறேன். இங்க யாரு பாக்கறாங்க?"

"நான் பாக்கறேன்."

"இன்னிக்கு ஒரு நாளுடி!"

"இன்னிக்கு நீ குடுப்ப. நாளைக்கு? மழைக்காலத்துல? நீ வேலைக்குப் போவ மாட்டியா?"

மணி பத்து இருபது. கங்கா படிகளைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பி வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் விட்டாள். அங்கே ஒரு ஜன்னல் மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் தரை மேடாக இருந்ததால் ஜன்னல் விளிம்பு அவள் மார்பு உயரத்துக்கு வந்தது. கதவை ஓங்கித் தட்டினாள். வண்டி மணியையும் விடாமல் அடித்தாள்.

கதவு திறந்தது. போஸ்ட் மாஸ்டர் நரசிம்மன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாரும்மா ஜன்னல்ல?"

"பதினோரு ரிஜிஸ்டர் தபால், ஒரு பார்சல் சார்."

"கவுண்டருக்கு வாங்க."

"கவுண்டருக்கு மூணு படி கீது சார். ஜன்னலுக்குப் படி இல்ல."

அவர் வண்டியைப் பார்த்தார். "ஜன்னல்ல தபால் வாங்கலாம்னு ரூல்ல எங்கயும் இல்லையேம்மா."

"வாங்கக் கூடாதுன்னு கீதா சார்?"

நரசிம்மன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளே மேஜை இழுபடுகிற சத்தம் கேட்டது. முத்திரை, மைப்பெட்டி, தராசு எல்லாம் ஜன்னலுக்கு வந்தன. கவர்கள் ஒவ்வொன்றாகக் கம்பிக்குள் போயின, ரசீதுகள் வெளியே வந்தன. பார்சல் மட்டும் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள். பத்து முப்பத்தாறு. "மூலையைச் சாச்சு விடுங்க சார்" என்றாள் கங்கா. கம்பி காகிதத்தை உரசியது. பார்சல் உள்ளே போனது. முத்திரை டொக்கென்று விழுந்த சத்தத்துக்கு நான் குதித்தே விட்டேன்.

பன்னிரண்டு ரசீதுகளையும் பல்லில் கடித்துக்கொண்டு கங்கா கிளம்பினாள். இரண்டு கைகளுக்கும் வேலை இருந்ததே! ரோட்டில் டயர் போட்ட ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றது. "ம்ம்! ம்ம்!" என்று அவள் பல்லைத் திறக்காமல் கத்தியதில் மாடே ஒதுங்கியது. அலுவலக கேட்டுக்குள் நுழைந்தபோது அவள் ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. சரிவின் முதல் மடிப்பில் பாதி தூரம் சுற்றியதும் கை ஓய்ந்துவிட்டது. பிரேக் போட்டாள். நாங்கள் யாரும் தொடவில்லை. நாலு மூச்சு இழுத்தாள். மீண்டும் சுற்றினாள். வண்டி கிளம்பியது, மேடைக்கு ஏறியது, திரும்பியது, தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது.

ரகுபதி ரசீதுகளை வாங்கினார். பல் தடம் பதிந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்து மூன்று. உள்ளே போனார். வருகைப் பதிவேட்டையும் பேனாவையும் அவரே எடுத்துவந்து கங்காவின் மடியில் வைத்தார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முழுப் பெயரையும் எழுதினாள்.

"மதியத் தபால் ரெண்டு மணிக்கும்மா" என்றார் ரகுபதி. பிறகு அறைக்குள் திரும்பிப் பார்த்தார். வாசலிலிருந்து தபால் பிரிவு வரை பெஞ்சும் அலமாரியும் மூட்டை மூட்டையாகப் பழைய காகிதக் கட்டுகளும் வழியை அடைத்துக் கிடந்தன. அன்றுதான் அவை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சின் ஒரு முனையை அவரே பிடித்தார்.

"இந்தப் பக்கம் யாராவது பிடிங்கப்பா! நகருங்க, நகருங்க, வண்டி வருது!"